தேற்றாங்கொட்டையும் வாக்குத்தத்த அட்டையும்

டிசம்பர் 31, இரவு பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம். திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூரில் மெயின் ரோட்டை விட்டுத் தள்ளி, ஒரு சந்துக்குள் சிமெண்ட் ஷீட் போட்ட ஜெப வீடு. கீழே பாய், ஓரத்தில் வயதானவர்களுக்காக நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றிய ஆண்கள், முக்காடு போட்ட பெண்கள். புது வருஷம் பிறந்த கையோடு பாஸ்டர் ஒரு எவர்சில்வர் தட்டில் வசனம் அச்சிட்ட சின்னச் சின்ன வாக்குத்தத்த அட்டைகளைக் குப்புறப் பரப்பிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒன்று. கண்ணை மூடி எடுத்தவர்கள் உண்டு. தனக்கானது அடியில்தான் கிடக்கிறது என்பதுபோலத் துழாவியவர்களும் உண்டு.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கடலை ஆயப் போகிறவர். வீட்டுக்காரர் அந்த ஐப்பசியில்தான் தவறியிருந்தார். அட்டையை எடுத்தவர், படிக்கத் தெரியாததால் பக்கத்தில் இருந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் நீட்டினார். வந்திருந்தது எரேமியா 29:11. கடவுள் தன் மக்களைப் பற்றி நினைப்பது தீங்கை அல்ல, நல்ல எதிர்காலத்தைத்தான் என்ற பொருள் கொண்ட வசனம். "இன்னொரு தபா படி பாப்பா" என்றார். அவள் படித்தாள். அட்டையைச் சுருக்குப் பையில் சில்லறையோடு போட்டு, இழுத்துக் கட்டி, இடுப்பில் செருகிக்கொண்டார். அழவில்லை. மற்றவர்கள் கேக் வாங்க எழுந்தபோதும் அவர் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. நான் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் என்று இப்போது சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் காலை நாலரை மணிக்குத் தொடங்கி, வசனம், ரேடியோ, மாத இதழ், வாட்ஸ்அப், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்று ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஆறுதல் எங்கிருந்து வந்தது, எதில் பலிக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட ஆசை.

முதலில் சொற்கள். ஆறுதல் என்ற சொல் அடுப்படியிலிருந்து வந்தது. காப்பி ஆறும், புண் ஆறும், மனசும் ஆறும். மூன்றுக்கும் நேரம் வேண்டும். தேற்றுதல் என்பது வேறு. குளத்துத் தண்ணீர் குடித்த காலத்தில் வீட்டில் தேற்றாங்கொட்டை இருக்கும். பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை நாலு இழைப்பு இழைத்துவிட்டுக் கலங்கிய தண்ணீரை ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் வண்டல் அடியில் தங்கி மேலே தெளிந்துவிடும். கலித்தொகையிலேயே இந்த விதை வருகிறது, கலங்கித் தெளிந்த மனசுக்கு உவமையாக. இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். கேட்கத்தான் ஆளில்லை, எல்லா வீட்டு வாசலிலும் கேன் தண்ணீர் இறங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது, சேறு எங்கேயும் போய்விடுவதில்லை என்பது. பானைக்குள்தான் இருக்கிறது. அடியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

யோவான் நற்செய்தியில் இயேசு தம் சீடர்களுக்கு வாக்களிக்கும் ஒருவருக்குக் கிரேக்கத்தில் பராக்ளேத்தோஸ் என்று பெயர். பக்கத்துக்கு அழைக்கப்பட்டவர் என்பது நேர்ப்பொருள். 1871இல் வெளிவந்த, இன்றும் சீர்திருத்த சபைகளில் பழக்கத்தில் இருக்கிற தமிழ் வேதாகமத்தில் அவர் 'தேற்றரவாளன்'. 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'துணையாளர்'. ஒரு மொழிபெயர்ப்பு அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறது, மற்றது அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கிறது. எது சரி என்று புலவர்கள் அடித்துக்கொள்ளட்டும். பக்கத்தில் வந்து நிற்காமல் யாராவது யாரையாவது தேற்ற முடியுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

புது வருஷ இரவில் எடுக்கும் அந்த அட்டைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது தரங்கம்பாடியைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் பழகியவர். பின்னால் வந்த மிஷனரிகள் பலருக்கும் அதுவே தாய்வீடு. உள்ளத்து அனுபவமும் அன்றாட வேத வாசிப்பும் அந்த இயக்கத்தின் உயிர்நாடி. அதே வட்டாரத்தைச் சேர்ந்த பொகாட்ஸ்கி என்பவர் 1718இல் கடவுளின் பிள்ளைகளுக்கான பொற்பேழை என்ற பொருள் தரும் பெயரில் ஒரு சிறிய வசனத் தொகுப்பைக் கொண்டுவந்தார். நம் வீடுகளில் ஷோகேஸின் மேல் இருக்கும் வாக்குத்தத்தப் பெட்டிக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா.

பத்து வருஷம் கழித்து, 1728 மே மாதம், ஜெர்மனியிலேயே ஹெர்ன்ஹூட் என்ற குடியிருப்பில் மொரேவிய சபையார் இன்னொன்றைத் தொடங்கினார்கள். அவர்களுடைய தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு ஒரு நாளைக்கு ஒரு வசனத்தைக் கொடுப்பார். அன்றைக்கு அந்த ஊரில் இருந்தவை 32 வீடுகள். சகோதரர் ஒருவர் காலையில் அந்த வசனத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். கதவைத் தட்டுவார், வசனத்தைச் சொல்வார், வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் மனம் உடைந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு வருவார். 1731இல் வருஷம் முழுமைக்குமான வசனங்களைப் புத்தகமாக அச்சிட்டார்கள். இன்றுவரை ஆண்டு தவறாமல் பல மொழிகளில் அது வருகிறது. இப்போதும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். மொரேவியர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறி, சில பத்தாண்டுகள் தோட்டம் போட்டு வாழ்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வருஷத்துக்கு ஒரு வசனம் என்பது இவற்றுக்கெல்லாம் இளையது. ஜெர்மனியில் 1930இல்தான் அது தொடங்கியது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த 32 கதவுகள். வசனம் முதலில் காலோடுதான் வந்தது. அச்சேறியதும் கால் தேவையில்லாமல் போய்விட்டது.

அட்டை எடுப்பது தமிழ் மண்ணில் இவ்வளவு லேசாக வேர்பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நமக்கு அது புதிதே அல்ல. சைவ வீடுகளில் திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தார்கள். ஏட்டுக்கு நடுவே விழுந்த கயிறு எந்தப் பாட்டைக் காட்டுகிறதோ அது இறைவன் சொன்ன பதில். கோயிலில் பூப் போட்டுப் பார்ப்பார்கள். 'இது கிளி ஜோசியம் இல்லை' என்று போதகர்கள் ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதிலேயே சங்கதி இருக்கிறது. அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, 'இது எனக்கு சரியா இல்லை' என்று நைசாக மாற்றி எடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கடவுளுக்கே ரெண்டாவது வாய்ப்பு.

பிறகு ரேடியோ காலம். இலங்கையிலிருந்தும் சேஷெல்ஸ் தீவிலிருந்தும் சிற்றலையில் கரகரப்போடு தமிழ்ச் செய்திகள் வந்தன. கத்தோலிக்க வீடுகளில் மணிலாவிலிருந்து ஒலிபரப்பான வேரித்தாஸ். பிரசங்கியார் டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008) ரேடியோவில் பெயர் சொல்லி ஜெபித்தபோது அது தன் பெயர்தான் என்று நம்பிய ஆயிரக்கணக்கானோர் உண்டு. தம் இளமையில் தற்கொலை எண்ணத்தோடு ரயில் பாதையை நோக்கி நடந்ததாகவும், வழியில் உறவினர் ஒருவர் நிறுத்திப் பேசியதாகவும் அவரே சாட்சி சொன்னவர். வானலையில் ஊரெல்லாம் போன ஒரு குரலுக்குத் தொடக்கம், நடுவழியில் எதிர்ப்பட்ட ஒரு ஆள். தியான இதழ்களில் சாம் ஜெபத்துரையின் 'அன்றன்றுள்ள அப்பம்', சத்தியவசனத்தின் 'அனுதினமும் கிறிஸ்துவுடன்' போன்றவை தலைமாட்டில் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும். இன்று எல்லாம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. சூரிய உதயப் படத்தின் மேல் வசனம், கீழே ரோஜாப்பூ. ஒரே வசனம் ஒரே நாளில் நாலு குழுவிலிருந்து எனக்கு வந்திருக்கிறது. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்துப் போனது என்று யாத்திராகமம் சொல்கிறது. போன் மெமரி நிறைந்துவிட்டது என்று காட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்.

இதையெல்லாம் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் படுக்கையோடு கிடந்த என் பெரியம்மாவுக்கு அந்த ரேடியோதான் வீட்டுக்கு வந்த ஒரே ஆள். கதவைத் தட்ட யாரும் இல்லாதவர்களுக்குக் குரல் மட்டுமாவது வருகிறதே என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, அந்த அம்மா எடுத்த வசனத்துக்கு வருவோம். அட்டையில் 29:11 மட்டும்தான் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. எரேமியா 29 என்பது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதியது. பத்தாவது வசனம் எழுபது வருஷம் என்கிறது. எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்ப முடியும். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். அவர் சொன்னது ரெண்டே வருஷம். ரெண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும். கூட்டத்துக்கு எது பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேதாகமம் அவரைப் பொய் சொன்னவர் என்று முடித்துவிடுகிறது. எழுபது வருஷம் என்று சொன்ன எரேமியா கூடவே சொன்னது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்துகொள்ளுங்கள், இருக்கிற ஊரின் நலத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள். நல்ல எதிர்காலம் என்ற பேச்சு இத்தனைக்கும் பிறகு வருகிறது. நம் அட்டைகளில் எரேமியாவின் வரியை எடுத்துக்கொண்டு, அனனியாவின் தேதியைப் போட்டுவிடுகிறோம்.

சங்கீதப் புத்தகத்திலும் இதே கதை. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல் என்பது அறிஞர்கள் கணக்கு. ஏன் மறந்தாய், இன்னும் எத்தனை நாள் என்று கடவுளின் சட்டையைப் பிடித்துக் கேட்பவை. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் ஒரு நம்பிக்கை வரியில் போய் நிற்கும். 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட நிற்காது, இருட்டிலேயே முடிந்துவிடும். வாக்குத்தத்தப் பெட்டிக்குள் 88ஐ நான் இதுவரை பார்த்ததில்லை. 23ஆம் சங்கீதம் ஏழெட்டுத் தடவை இருக்கும்.

இதில் நமக்கு ஒரு கூடுதல் நஷ்டம். தமிழில் சாவு வீட்டுக்கென்றே ஒப்பாரி இருந்தது. மாரடித்துக்கொண்டு, போனவரின் பெருமையும் இருக்கிறவரின் கதியும் சொல்லி, கூடியிருக்கும் பெண்கள் தோளோடு தோள் கட்டி அழுவது. பல சபைகளில் அது விசுவாசம் இல்லாதவர்கள் செய்கிற காரியமாகிப் போனது. பதிலுக்குப் பாட்டுப் புத்தகம் வந்தது. கீர்த்தனைகளில் மனதை உருக்குபவை உண்டு, மறுக்கவில்லை. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டதிலிருந்து அவை எத்தனையோ சவ அடக்கங்களைத் தாங்கியிருக்கின்றன. ஆனால் ராகத்தோடு பாடுவதும், குரல் உடைந்து அழுவதும் ஒன்றல்ல. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு துக்க வீட்டில், 'ஆண்டவர் எடுத்துக்கிட்டார், அழாதீங்க' என்று ஒருவர் அதட்டியதற்கு, உள்ளேயிருந்து ஒரு ஆயா 'லாசரு செத்ததுக்கு அவரே அழுதாரில்ல' என்றது எனக்கு மறக்காது. அதற்கு மேல் யாரும் அதட்டவில்லை.

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள கிறிஸ்தவம் ஆறுதல் என்ற சொல்லை வேறொரு பக்கத்திலிருந்தும் சோதித்துப் பார்த்தது. இங்கிருந்து அவலூர்ப்பேட்டை வழியாகப் போனால் சேத்துப்பட்டு. அங்கே லூர்து அன்னை ஆலயத்தோடு பெயர் சேர்ந்திருப்பவர் பிரெஞ்சுக் குருவான தரஸ் சுவாமி. வட ஆற்காட்டின் அப்போஸ்தலர் என்று அவரைச் சொல்வார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது அவர் பக்கம் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 'கஞ்சிக்குச் சேர்ந்தவர்கள்' என்ற ஏச்சு அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. பட்டினியில் கிடந்தவனுக்குக் கஞ்சியும் ஆறுதலும் வேறு வேறு பொருள் என்று சொல்பவர் பட்டினி கிடந்ததில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி இன்றும் அந்தப் பெயரோடே நிற்கிறது. அந்த மிஷனின் முன்கதை சாதியைப் பற்றிய ஒரு சண்டை. லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஓரளவு பொறுத்துப் போகலாம் என்றது. கூடாது என்று கார்ல் ஓக்ஸ் பிரிந்து, 1860களின் தொடக்கத்தில் தென்னாற்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற இடத்தை அமைத்து, டேனிஷ் மிஷனரி சங்கத்தோடு சேர்ந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. நற்கருணையில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கலாமா என்ற கேள்வியை ஒத்திப்போட்டுவிட்டு ஆறுதல் சொல்ல முடியாது என்பதில் இந்த வட்டாரத்துச் சபை பிறந்தது. பிறந்தபடியே வளர்ந்ததா என்பதைச் சபைத் தேர்தல் சமயத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாவட்டத்துக் கிறிஸ்தவர்களில் கணிசமானோர் தலித்துகள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே வைத்தது. பின்னால் சீக்கியர்களையும் பௌத்தர்களையும் உள்ளே சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. காலையில் 'நீ விசேஷித்தவன்' என்று வசனம், பதினொரு மணிக்குத் தாலுகா ஆபீசில் 'நீங்க பி.சி.' என்று சான்றிதழ். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவரிடம் பரலோகத்தைப் பற்றி மட்டும் பேசினால் அது ஆறுதலா, மயக்க மருந்தா? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பறட்டை அண்ணன் என்கிற ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இந்தக் கேள்வியை விடவில்லை. கீர்த்தனைத் தமிழைக் கீழே வைத்துவிட்டு, பறையும் நாட்டுப்புற மெட்டும் வீட்டுப் பேச்சுமாக வழிபாடு செய்தார். கூடிச் சமைத்துக் கூடிச் சாப்பிடுவதை நற்கருணையோடு சேர்த்துப் பேசினார். ஆறுதலைக் காதிலிருந்து எடுத்து, கைக்கும் வாய்க்கும் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

நோயாளிகளிடம் வந்தால் எல்லாத் தத்துவமும் சுருங்கிவிடும். தென்கோடியில் டோனாவூர். அங்கே மிஷன் தலைவியாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கைதான். படுத்தபடியே எழுதிய புத்தகங்களில் ஒன்று 1933இல் வந்தது. நோயாளிகளுக்கு நோயாளி எழுதிய கடிதங்கள் அவை. நல்ல உடம்போடு இருப்பவர்கள் எழுதி அனுப்பிய ஆறுதல் நூல்கள் தனக்கு உதவவில்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தார். ஆறுதல் இலக்கியத்தில் நான் படித்த நேர்மையான காரணம் இதுதான். மிஷன் தலைவி, எழுத்தாளர், விசுவாச வீராங்கனை என்று பெயர் எடுத்தவருக்கே, நின்றுகொண்டு பேசுபவரின் வார்த்தை படுத்திருப்பவருக்கு எட்டவில்லை என்பது படுத்த பிறகுதான் தெரிந்தது.

வடக்கே வேலூர், நம் மாவட்டத்தார் உயிருக்கு ஆபத்து என்றால் ஓடுகிற ஊர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையத்தைத் தொடங்கிவைத்து, கையும் காலும் போனவர்கள் மறுபடி வீட்டுக்குப் போக வழி செய்தார். 'எல்லாம் நன்மைக்கே' என்று அவரிடம் போய்ச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் முதுகுத்தண்டு ஒடிந்து வந்த ஒரு லாரி டிரைவருக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியிருக்கக்கூடியது, உள்ளே நாற்காலியில் உருண்டு வந்த டாக்டர்.

அதே சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1957இல் தொடங்கியது. நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது அதன் பழைய ஏற்பாடு. கூட இருப்பதே சிகிச்சையின் ஒரு பாகம். துணையாளர் என்ற மொழிபெயர்ப்பை மருத்துவமனை 1995க்கு வெகுகாலம் முன்பே செய்துவிட்டது.

ஆராய்ச்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்த்துவிடலாம். அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் கூட்டாளிகளும் 2001இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்த, 55 வயதைத் தாண்டிய 596 நோயாளிகளை ஏறக்குறைய இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. கடவுள் என்னைக் கைவிட்டார், என் மேல் அவருக்கு அன்பில்லை, இது பிசாசின் வேலை என்று நினைத்தவர்கள், உடல்நிலை முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபிறகும், மற்றவர்களைவிடக் கூடுதலாக இறந்தார்கள். விசுவாசம் ஆறுதல் தரும் என்பது பாதி உண்மை. எந்தக் கடவுளை நம்புகிறோம் என்பதைப் பொறுத்து அது நெஞ்சில் ஏறி உட்காரவும் செய்யும்.

2006இல் வெளியான இன்னொரு ஆய்வு இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரைப் பற்றியது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு, முன்பின் தெரியாதவர்கள் எங்கிருந்தோ அவர்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று தெரிவிக்கப்பட்டது. அவர்களுக்குச் சிக்கல் குறையவில்லை. 59 சதவீதம் பேருக்கு ஏதாவது சிக்கல் வந்தது. தங்களுக்காக ஜெபிக்கப்படுகிறதா என்றே தெரியாமல், ஜெபம் பெற்ற பிரிவில் அது 52 சதவீதம். ஜெபம் பலிக்குமா என்பதை அளக்கக் கிளம்பியதே எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. ஆனாலும் முகம் தெரியாதவரின் ஜெபத்தையும், தலைமாட்டில் கையைப் பிடித்துக்கொண்டு செய்யும் ஜெபத்தையும் ஒரே தராசில் போட வேண்டாம் என்பதற்கு இது ஒரு ஞாபகக் குறிப்பு.

உள்ளூரில் நான் கண்ணால் பார்த்த கெடுதலும் ஒன்று உண்டு. எனக்கு வேண்டிய ஒரு பெண் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கூட்டத்தில் யாரோ, 'மாத்திரையை நம்புறியா, கர்த்தரை நம்புறியா' என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கேள்வியை நியாயமான கேள்வி என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டாள். அடுத்த மூன்று மாதம் அந்த வீடு பட்ட பாட்டை எழுத எனக்குக் கை வரவில்லை. அவளை மீட்டதும் சபையைச் சேர்ந்த ஒரு அக்காதான். உபவாச ஜெபத்துக்கு வரும் அதே அக்கா ஆட்டோ பிடித்து, கூடவே போய், டாக்டர் வருகிறவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லண்டனில் 1953இல், உயிரை விட நினைப்பவர்கள் அழைத்துப் பேச ஒரு தொலைபேசியை வைத்தவர் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கக் குருதான். அங்கே மதம் போதிக்கக் கூடாது, கேட்க வேண்டும் என்பது விதி. அந்த வழியில் சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது சினேகா. இப்போது அரசின் டெலி மானஸ் எண் 14416 இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கிறது. பாஸ்டர்கள் தங்கள் அறிவிப்புப் பலகையில் கூட்ட நேரத்தோடு இந்த எண்ணையும் எழுதிவைத்தால் வசனத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வேதாகமத்தில், துன்பத்தில் கிடந்த யோபைத் தேற்ற நண்பர்கள் மூவர் வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் முதல் ஏழு நாள், இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாயைத் திறந்தபிறகுதான் அவர்கள் கெட்ட நண்பர்களானார்கள். புத்தகத்தின் கடைசியில் கடவுளே அவர்களைக் கடிந்துகொள்கிறார்.

இப்படிக் கூட வந்து உட்காருவதற்குக் கத்தோலிக்கரிடம் அன்பியம் என்ற ஏற்பாடு இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் குழு, முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடும். பெந்தெகொஸ்தே சபைகளில் வீட்டு ஜெபம். பழைய மிஷன் காலத்தில் 'பைபிள் உமன்' என்று பெண்கள் கையில் குடையோடும் பையோடும் தெருத் தெருவாகப் போனார்கள். உபதேசியார் சைக்கிளில் வருவார். பெயர்கள் மாறியிருக்கின்றன, செருப்புத் தேய்ந்தது ஒன்றுதான். இதில் எங்கள் வட்டாரத்துக்கே உரிய, அதிகம் அறியப்படாத ஒரு கதை உண்டு. திருக்கோவிலூரில் எஸ்தர் ஃபேரிங் என்ற இளம் டேனிஷ் மிஷனரி இருந்தார். 1917இல் சபர்மதிக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார். திரும்பி வந்தபிறகு காந்தி அவருக்கு எழுதிக்கொண்டே இருந்தார், 'என் அன்புக் குழந்தை' என்று விளித்து. மிஷன் மேலிடத்துக்கு இந்த நட்பு பிடிக்கவில்லை. எஸ்தர் மிஷனை விட்டு விலகினார், மேனன் என்பவரை மணந்தார். அந்தக் கடிதங்கள் 1956இல் புத்தகமாயின. ஊரை விட்டு, மொழியை விட்டு, கடைசியில் தன் மிஷனையும் விட்டு நின்ற ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு அன்றாட ஊக்கம் ஒரு இந்துவிடமிருந்து தபாலில் வந்துகொண்டிருந்தது. துணையாளர் எந்த வாசலில் வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது போலிருக்கிறது.

கார்த்திகை தீபத்தன்று வானம் துப்புரவாக இருந்தால், கீழ்பென்னாத்தூர் மொட்டை மாடியிலிருந்து அண்ணாமலை உச்சியில் ஒரு பொட்டாக வெளிச்சம் தெரியும். கிறிஸ்தவ வீட்டு மாடியிலும் பிள்ளைகள் ஏறி நின்று பார்க்கத்தான் செய்வார்கள். போன கார்த்திகையில் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணை மறுபடி பார்த்தேன். இப்போது ஒன்பதாவது. சுருக்குப் பை ஆயா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அட்டை மடிப்பில் கிழிந்துவிட்டதாம். செல்லோடேப் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். வாரத்தில் ரெண்டு நாள் சாயங்காலம் போய் வேதாகமம் படித்துக் காட்டுகிறாளாம், யாரும் சொல்லிப் போகவில்லை, ஆயா கடலை வறுத்து வைத்திருப்பார் என்பதால் போவதாம். ஒரு நாள் அட்டையில் இல்லாத பத்தாம் வசனத்தையும் சேர்த்துப் படித்திருக்கிறாள்.

"எழுபது வருசமா?" என்று ஆயா சிரித்துவிட்டாராம். "அதுவரைக்கும் நீ வந்து படிச்சினு இருப்பியா பாப்பா?"